முன்னறையில குளவி கூடு கட்டுது: உடைக்கிறதா, விடுறதா?

உவர்மலை அம்மா | சித்திரை 3, இரவு

எல்லாருக்கும் வணக்கம். நாலு நாளா எங்கட வீட்டில ஒரு வழக்கு. முன்னறைச் சுவரில, கலண்டரின்ர மேல் தகட்டோட ஒட்டி, ஒரு குளவி மண் கொண்டுவந்து கூடு கட்டுது. கறுத்த உடம்பு, மஞ்சள் கால், இடுப்பு ஊசி மாதிரி மெல்லிசு. மகனுக்கு ஒன்பது வயசு, தும்புத்தடியோட நிக்கிறார். மாமி விடுறா இல்லை. "குளவி கூடு கட்டினா வீட்டில பிள்ளை பிறக்கும், கை வைக்காதேயுங்கோ" எண்டு சொல்லிப்போட்டா.

நேற்றுப் பின்னேரம் மகனை வாங்கில இருத்தி, "பத்து நிமிசம் பாப்பம், பிறகு உடைக்கிறதோ விடுறதோ நீங்களே சொல்லுங்கோ" எண்டன். பத்து நிமிசம் முக்கால் மணித்தியாலமாப் போச்சுது.

குளவி வரேக்க வாயில பயறு அளவில ஈரமண் உருண்டை. கூட்டின்ர விளிம்பில அதை வைச்சு, முன்னங்காலால பிடிச்சுக்கொண்டு, ரிபன் மாதிரி இழுத்து ஒட்டுது. ஒட்டேக்க "ஙீங்..." எண்டு ஒரு சத்தம். மகன்தான் முதல் கவனிச்சவர். "அம்மா, பறக்கேக்க ஒரு சத்தம், மண் வைக்கேக்க வேற சத்தம்." சின்ன வயசில இருந்து நான் கேட்டு வளர்ந்த சத்தம் இது. அதுக்குள்ள ரெண்டு சத்தம் இருக்கெண்டு இப்பதான் தெரியும்.

பிறகு மண் எங்க எடுக்குதெண்டு பின்னால போனம். கிணத்தடியில, குளிக்கிற தண்ணி ஓடுற வாழையடி. தலையைக் குனிஞ்சு, வால் மேல தூக்கி, சேற்றைச் சுரண்டி உருட்டுது. மகன் என்ர போனில நேரம் பிடிச்சார். ஒரு நடைக்கு ரெண்டு நிமிசம், சிலவேளை மூண்டு. இருட்டுப்படும் வரைக்கும் அந்த நடை நிக்கேல்லை. தும்புத்தடி கதவுக்குப் பின்னால போட்டுது.

எனக்கு ரெண்டு கேள்வி. அந்தக் கூட்டுக்குள்ள என்ன நடக்குது? மற்றது, அந்த முக்கால் மணித்தியாலம் பிள்ளையின்ர முகத்தில நான் கண்டதை ரியூசனும் போனும் தின்னாமல் எப்பிடிக் காப்பாத்துறது?

வெண்கட்டி | சித்திரை 4, காலை

தங்கச்சி, நான் திருகோணமலையில் 32 வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன். உங்கள் மகன் பிடித்த அந்த இரண்டாவது சத்தம் பெரிய விசயம். மண் வைக்கும்போது குளவி தன் பறக்கும் தசையை அதிரவைத்து, அந்த அதிர்வைத் தாடை வழியாக மண்ணுக்குள் இறக்குகிறது. அதிர்ந்த ஈரமண் குழைந்து இளகி, இடைவெளி இல்லாமல் பிடிக்கும். கொங்கிறீற் போடும்போது மேசன்மார் மெசின் வைத்து அதிரவைக்கிறார்களே, அதே வேலை.

கட்டுவது பெண். ஆண் மண் சுமப்பதில்லை. அறை கட்டி முடிந்ததும் அவள் வாழையடிக்குப் போகமாட்டாள், வேறு ஒன்றைக் கொண்டுவரத் தொடங்குவாள். என்ன என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. மகனிடம் கேளுங்கள். ஒரு விடையை எழுதி வைக்கட்டும். பிழையாக இருந்தால் இன்னும் நல்லது. பிழைத்துப்போன ஊகம்தான் ஆளைத் திரும்பவும் வாங்கில் கொண்டுவந்து இருத்தும்.

இரண்டாவது கேள்விக்கு ஒரு சம்பவம். பல வருடமாக நான், "பூச்சிக்கு ஆறு கால், உடல் மூன்று பகுதி" என்று சொல்லி எழுதவைத்தேன். பிள்ளைகள் எழுதினார்கள், புள்ளி எடுத்தார்கள். ஒரு மாரிகாலம், முதல் மழை விட்ட அடுத்த நாள், ஆறாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று நெருப்புப் பெட்டியைத் திறந்து மேசையில் வைத்தது. உள்ளே செக்கச் செவேலென்று வெல்வெற் துணி போர்த்தியது போல ஒரு தம்பலப்பூச்சி. "சேர், எண்ணிப் பாத்தனான். எட்டு." நானும் குனிந்து எண்ணினேன். எட்டுத்தான். பெயரில் பூச்சி இருக்கிறது, ஆள் சிலந்தியின் சொந்தக்காரன், உண்ணி இனம். சின்ன வயதில் எத்தனை தம்பலப்பூச்சியை உள்ளங்கையில் விட்டு விளையாடியிருக்கிறேன். ஒரு நாளும் எண்ணவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பாடத்தை முதலில் எண்ணவிட்டுத்தான் தொடங்கினேன். புத்தகம் கடைசியில்.

நேர்கோடு | சித்திரை 4, மதியம்

ஐயா, மரியாதையோட ஒரு மறுப்பு. "கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்" எண்டு என்ர அப்பப்பா சொல்லுவார். குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து கூட்டில அடைச்சு, கொட்டிக் கொட்டித் தன்னைப்போல ஆக்கிப்போடுமாம். குருவும் சீடனும் எண்டு அதுக்குப் பொருளும் சொல்லுவார். எனக்கு அது எப்பிடி ஒரு பிரமிப்பு! பிறகு பள்ளிக்கூடத்தில முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறையுடலி எண்டு நாலு படம் கீறச் சொன்னாங்கள். அதோட சரி. எல்லாத்தையும் விளக்கினா அதிசயம் எங்க மிஞ்சும்?

வெண்கட்டி | சித்திரை 4, இரவு

தம்பி, உங்கள் அப்பப்பாவின் பழமொழியை நான் தள்ளமாட்டேன். அதைச் சொன்னவர்கள் கண்ணால் பார்த்துச் சொன்னவர்கள். சின்ன மண்பானை போலக் கூடு கட்டும் குளவி ஒன்று உண்டு. அது பச்சைப் புழுவைத்தான் கொண்டுவந்து அடைக்கும். உள்ளே போனது புழு, நாள் கழித்து வெளியே வந்தது குளவி. அதை அவதானித்திருக்கிறார்கள். நடுவில் நடந்ததைப் பார்க்கவில்லை, கூட்டைத் திறக்கவில்லை.

திறந்தால் என்ன இருக்கும்? புழு சாகவில்லை. கொடுக்கின் நஞ்சால் அசைய முடியாமல் கிடக்கும். செத்திருந்தால் எங்கள் வெயிலுக்கு இரண்டு நாளில் அழுகிவிடும். குளிர்ப்பெட்டி இல்லாமல் இறைச்சியைப் பழுதாகாமல் வைக்கும் வழி அது. கூடவே ஒரு முட்டை. தாய் வாசலை மண்ணால் அடைத்துவிட்டுப் போய்விடுவாள், பிள்ளையின் முகத்தை அவள் காண்பதே இல்லை. அந்தப் பிள்ளை வளர்ந்து, தாயைக் காணாமல், எவரும் பழக்காமல், அதே மாதிரி மண் எடுத்து, அதே மாதிரிக் கட்டி, அதே இரையைத் தேடிப் போகும். தம்பி, நாலு படம் கீறச் சொன்ன ஆசிரியர்களில் நானும் ஒருவன். இதைச் சொல்லாமல் படத்தை மட்டும் கீறவைத்தது எங்கள் பிழை.

மூன்று பிள்ளைத் தாய் | சித்திரை 5

இதெல்லாம் சரி, கொட்டினால்? எங்கட கடைக்குட்டி எதையெண்டாலும் கையால பிடிக்கிற ஆள்.

வெண்கட்டி | சித்திரை 5

தனியாகக் கட்டும் இந்த மண்குளவி கூட்டுக்காகச் சண்டைக்கு வராது. கையில் பிடித்து நசுக்கினால் கொட்டும். கடதாசி போன்ற கூட்டில் கூட்டமாக இருக்கும் குளவி, மரக்கிளையில் பெரிய தட்டாகத் தொங்கும் தேனீ, இரண்டுக்கும் கிட்டப் போகவே வேண்டாம், கல்லும் எறியக்கூடாது. கொட்டுப்பட்டு மூச்சு முட்டினால், முகம் வீங்கினால் உடனே ஆஸ்பத்திரி. கடைக்குட்டிக்கு எறும்பில் தொடங்குங்கள். சுவரில் எறும்பு வரிசையாகப் போகும் இடத்தில் ஈரவிரலால் குறுக்கே ஒரு கோடு துடைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வரிசை கோட்டடியில் நின்று தடுமாறும். அவற்றின் பாதை மணத்தால் போட்டது.

தம்பலகாமம் வயல் | சித்திரை 5, இரவு

நான் கமக்காரன். பூச்சி எண்டா எங்களுக்கு மருந்துப் போத்தல்தான் ஞாபகம் வரும். அதிசயம் பாக்க நேரமில்லை எண்டுதான் நானும் இருந்தன்.

ஒரு போகம் நெல்லின்ர சாறு உறிஞ்சுற கபில நிறத் தத்தி விழுந்து, வயலில வட்டம் வட்டமா நெருப்புப் பட்ட மாதிரி எரிஞ்சுபோச்சு. அந்தப் போகம் நான் வேளைக்கே மருந்து அடிச்சனான், பக்கத்து வயல்காரன் அடிக்கேல்லை. எரிஞ்சது என்ர வயல். விவசாயப் போதனாசிரியர் வந்து என்னைத் தண்ணிக்குள்ள குந்தவைச்சு, பயிரின்ர அடிக் கட்டையைத் தட்டிப் பாக்கச் சொன்னார். தத்தி இலைமடலுக்குள்ள குத்தி முட்டை வைக்கும், மருந்து அங்க போகாது. அதைப் பிடிச்சுத் தின்னுற சிலந்தியை மருந்து முதல் நாளே கொண்டுபோடும். முட்டை பொரிச்சு வரேக்க கேக்க ஆள் இல்லை.

பக்கத்து வயல்ல போய்த் தட்டிப் பாத்தன். தத்தி தண்ணியில விழுந்த கையோட ஒரு மண்ணிறச் சிலந்தி தண்ணிக்கு மேலால ஓடி வந்து பிடிச்சுக்கொண்டு போச்சு. நல்ல தரையில ஓடுற மாதிரி! மேல தும்பி. அண்டைக்குக் குந்தினது ஒரு மணித்தியாலம் இருக்கும். இப்ப மருந்து அடிக்க முதல் குந்தி எண்ணிப்போட்டுத்தான் அடிக்கிறன். ரெண்டு போகம் அடிக்காமலே வெட்டினனான். பூச்சியைக் கும்பிடச் சொல்லேல்லை நான். ஆரு ஆளெண்டு தெரியாமல் எல்லாரையும் கொண்டுபோட்டன் எண்ட கவலை எனக்கு இண்டைக்கும் இருக்கு.

சல்லிக் காற்று | சித்திரை 6

கம்பஸ் லீவில வீட்ட நிக்கிறன். இந்த இழையை வாசிச்சிட்டுத் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனன். அடம்பன்கொடி படர்ற மேல் மணல்ல ஒரு குளவி இருக்கு. நாய் மண் கிண்டுற மாதிரி முன்னங்காலால கிண்டும், மணல் பின்னால பீச்சியடிக்கும். வளைக்குள்ள இருந்து வெளிய வந்தா, வாசலை மணலால மூடிப்போட்டுத்தான் பறக்கும். மூடினாப் பிறகு எங்க வாசல் இருந்ததெண்டு எங்களால சொல்ல ஏலாது. அது இலையானைப் பிடிச்சுக்கொண்டு வந்து சரியா அந்த இடத்தில இறங்கும்.

எப்பிடித் தெரியும்? தங்கச்சி ஒரு ஐடியா சொன்னாள். குளவி உள்ள நிக்கேக்க வாசலைச் சுத்திப் பன்னிரண்டு சோகி (சோழி) வைச்சம். வெளிய வந்து, வாசலை மூடி, மேல மேல வட்டம் அடிச்சுப் பாத்திட்டுப் போச்சு. அடுத்த நாளும் சோகி அப்பிடியே. மூண்டாம் நாள், குளவி போனாப் பிறகு, சோகி வட்டத்தை அப்பிடியே ஒரு அடி தள்ளி வைச்சம். இலையானோட வந்து இறங்கினது வட்டத்துக்கு நடுவில! வெறும் மணலைக் கிண்டுது, எழும்புது, திரும்ப அதே இடத்தில இறங்குது. தங்கச்சிக்குப் பாவமாப் போச்சு. சோகியைப் பழைய இடத்தில வைச்சம், நேரா வந்து உள்ள போச்சு.

இரவு தேடிப் பாத்தா, நிக்கோ ரின்பேர்கன் எண்டவர் 1930களில ஒல்லாந்தில, தேனீ பிடிக்கிற ஒரு குளவியின்ர வளையைச் சுத்திப் பைன் காய் வைச்சு இதையே செய்திருக்கிறார்! 1973 இல கார்ல் வொன் பிறிஷ், கொன்றாட் லோறன்ஸ் ஆக்களோட சேர்த்து அவருக்கு நோபல் பரிசு. தங்கச்சியிட்டச் சொன்னன். "அவருக்குச் சோகி கிடைக்கேல்லைப்போல" எண்டாள். வலு சந்தோசம் அவளுக்கு.

நேர்கோடு | சித்திரை 6, இரவு

நல்ல வேலை தம்பி. ஆனா இது என்ர பக்கத்துக்குத்தான் சாட்சி. சோகியை நகர்த்தினா ஏமாறுது. அப்ப உள்ளுக்க இருக்கிறது ஒரு மெசின். மெசினைப் பாத்து வியக்கிறதுக்கு என்ன இருக்கு?

வெண்கட்டி | சித்திரை 7

தம்பி, இதே கேள்வியோடு வெயிலில் குந்தியிருந்தவர் ஒருவர் இருக்கிறார். பிரான்சின் தெற்கில் வாழ்ந்த ஜோன் ஹென்றி பாப்ர், 1823 இல் பிறந்து 1915 இல் இறந்தவர், அவரும் வாத்தியார்தான். வெட்டுக்கிளி போன்ற சில்லூறைப் பிடிக்கும் குளவி ஒன்று, இரையை வளை வாசலில் வைத்துவிட்டு, உள்ளே இறங்கிச் சரிபார்த்துவிட்டு வந்துதான் இழுக்கும். உள்ளே போன நேரம் இரையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். வெளியே வந்தது, தேடி எடுத்து வாசலுக்குக் கொண்டுவந்தது, திரும்பவும் உள்ளே போய்ச் சரிபார்த்தது. நாற்பது தடவை செய்தார், நாற்பது தடவையும் அப்படியே. மெசின் என்றுதானே சொல்வீர்கள்?

அவர் அங்கே நிற்பாட்டவில்லை. இன்னோர் இடத்தில் அதே இனக் குளவிகளிடம் அதையே செய்து பார்த்தார். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு அவை ஏமாறவில்லை, சரிபார்க்காமல் இரையை நேரே உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டன. அதையும் எழுதி வைத்தார். நாற்பதோடு எழும்பிப் போயிருந்தால் அவருக்கு ஒரு தெளிவான முடிவு கிடைத்திருக்கும். அவர் எழும்பவில்லை. அவரை நான் கும்பிடுவது இதற்காகத்தான்.

தூரத்துத் திருமலையான் | சித்திரை 8

கனடா, ஸ்காபரோவில இருந்து எழுதுறன். 1990 இல எனக்கு ஏழு வயசு. நாங்கள் வீட்டை விட்டுட்டு ஒரு அகதி முகாமில இருந்தம். பள்ளிக்கூடக் கட்டடம், தாவாரத்துக்குக் கீழ மழை படாத புழுதி மண். அதில முழுக்கக் குழியானைக் குழிகள். புனல் மாதிரி, விளிம்பு துப்புரவா, ஒரு சதம் அளவில சிலது, அதைவிடப் பெரிசாச் சிலது. பெரியாக்கள் சாமானுக்கு வரிசையில நிப்பினம். நான் அந்தக் குழியளுக்குப் பக்கத்தில படுத்திருப்பன்.

எறும்பு ஒண்டு விளிம்பில கால் வைச்சா மணல் சரியும். ஏறப் பாக்கும். அடியில இருந்து குழியானை தலையால மணலை எத்தி எறியும், எறும்பு பிறகும் சறுக்கும். குச்சியால குழியைக் கலைச்சுவிடுவன். பின்பக்கமா வட்டம் வட்டமா ஊர்ந்து திரும்பக் கிண்டும். கலைக்கக் கலைக்கக் கிண்டும். அந்த மாதங்களில வேற என்ன நடந்ததெண்டு எனக்கு நினைவு குறைவு. அந்தக் குழியளை மட்டும் இப்பவும் கீறிக் காட்டுவன். அது வளர்ந்து தும்பி மாதிரி மெல்லிய செட்டையோட பறக்கிற ஆள் எண்டு இஞ்ச வந்து, பெரியாளாகித்தான் அறிஞ்சன்.

இஞ்ச என்ர மகளோட செம்மஞ்சள் மொனார்க் வண்ணத்துப்பூச்சி பாக்கிறனான். இலையுதிர்காலத்தில இஞ்ச இருந்து மெக்சிக்கோ மலைக்காட்டுக்குப் போகுது. போறது முந்தி ஒருக்காலும் அந்தப் பாதையைக் காணாத தலைமுறை. எங்கட ஊரில எருக்கலையில முட்டை வைக்கிற செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி அதுக்கு மச்சாள் முறை, ஒரே பேரினம். மகளுக்கு அதைக் காட்டத்தான் அடுத்த வருசம் ஊருக்கு வாறம்.

கிண்ணியாக் கரை | சித்திரை 9

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா காலத்தில இருந்து நம்மட தொழில் கடல். ஐப்பசி மாசத்தில கரை தெரியாத தூரத்துல போட் நிக்கக்குள்ள தும்பி வந்து கயித்துல இருக்கும். பொன் நிறம். இது இங்க என்னத்துக்கு வந்த, குடிக்கத் தண்ணியும் இல்லயே எண்டு யோசிச்சிருக்கன். போன வருசம் மகன் வாசிச்சுக் காட்டினான். மாலைதீவுல இருந்த சார்ள்ஸ் அண்டர்சன் எண்ட ஆய்வாளர் 2009 இல எழுதினதாம். அங்கயும் ஐப்பசியில தும்பி ஆயிரக்கணக்குல வருமாம். அந்தத் தீவுகளில தும்பி முட்டை போட நல்ல தண்ணிக் குளம் குட்டை இல்லாதமாதிரித்தான். அப்ப இது எங்க பொறந்த? இந்தியாப் பக்கத்தால வந்து, காத்தோட ஆபிரிக்கா வரைக்கும் போகுதெண்டு அவர் கணக்குப் போட்டிருக்கார்.

நம்மட கயித்துல இருந்ததும் அந்தப் பயணக்காரனோ என்னவோ. இப்ப தும்பி வந்து குந்தினா நாங்க கயித்தை இழுக்கிறல்ல, கொஞ்சம் ஆறட்டும் எண்டு விடுற.

உவர்மலை அம்மா | சித்திரை 9, இரவு

ஐயா, 6ஆம் திகதி கண்டம். சிலந்தி! மகன் எழுதி வைச்ச விடை "தேன்". கால் மடங்கின பச்சைச் சிலந்தியை இடுப்பில கட்டின பொட்டலம் மாதிரிக் கொண்டு வந்து, அறைக்குள்ள தலையால இடிச்சு இடிச்சுத் தள்ளினது. அடுத்த நாள் பின்னேரத்துக்குள்ள முதல் அறையில பதினொரு சிலந்தி. பிறகு வாசலை அடைச்சுது.

ஒரு சிலந்தி கீழ விழுந்துபோச்சு. மகன் கடதாசியில எடுத்து வைச்சார். ஊசி முனையால மெல்லத் தொட, ஒரு கால் துளி அசைஞ்சுது. "அம்மா, இதுக்கு நோகுமோ?" எண்டு கேட்டார். தெரியாது எண்டுதான் சொன்னன். கன நேரம் கதைக்காமல் இருந்தார். பிறகு கொப்பியில "சிலந்தி 12, அசைந்தது" எண்டு எழுதினார். அவருக்கு நான் மறைக்கேல்லை, ஆறுதலும் சொல்லேல்லை. பக்கத்தில இருந்தன்.

நேர்கோடு | சித்திரை 10

அக்கா, வாசல் திறக்கிற அண்டைக்குக் கட்டாயம் எழுதுங்கோ. எங்கட வீட்டு விறாந்தையிலயும் ஒரு பழைய கூடு கிடக்கு. ரெண்டு அறையில ஓட்டை, ஒண்டு மூடினபடி. அதை உடைக்கக் கை வரேல்லை, வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்துக்கொண்டிருக்கிறன்.

உவர்மலை அம்மா | வைகாசி 8

திறந்திட்டுது. சித்திரை 7 அடைச்ச அறை, இண்டைக்கு 31ஆவது நாள். விடிய மகன்தான் கண்டவர். சுவரில ஊசி முனை அளவு கறுப்புப் புள்ளி, அதுக்குள்ள ஏதோ அசையுது. மண் தூள் தூளாக் கீழ விழுந்துகொண்டிருந்தது. ஓட்டை பெருத்து வட்டமாகி, முதல் ரெண்டு மீசை வெளிய வந்துது, பிறகு முகம். கொஞ்ச நேரம் அப்பிடியே வாசலில தலையை வைச்சுக்கொண்டு நிண்டுது. மாமியும் தேத்தண்ணிக் கோப்பையோட வந்து வாங்கில இருந்திட்டா. வெளிய வந்து, செட்டையைக் காலால நீவி, சுவரில நாலடி நடந்து, யன்னலால போட்டுது.

மகன் பள்ளிக்கூடம் பிந்திப் போனவர். கொப்பியில நேரம் 6.52 எண்டு எழுதியிருக்கிறார்.

கலண்டர் இன்னும் சித்திரையிலதான் நிக்குது, ஒற்றை கிழிச்சாக் கூடு ஆடும் எண்டு அவர் கிழிக்க விடுறார் இல்லை. இன்னும் மூண்டு அறை மூடிக் கிடக்குது.